பாட்டு வகுப்பில் சேர்ப்பதற்கு முன்: பெற்றோர் செய்யும் தவறுகள்

குழந்தைக்கு ஐந்தாறு வயதானதும் வீட்டில் பேச்சு எழும். விஜயதசமி வருகிறது, எங்கேயாவது பாட்டு வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று. பக்கத்துத் தெருவில் ஒருவர் சொல்லித் தருகிறார் என்று தெரிந்தால் போதும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, முதல் மாதக் கட்டணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். பள்ளிக்கூடம் தேட ஆறு மாதம் அலைந்த நான், பாட்டு ஆசிரியரைத் தேட ஒரு சாயங்காலம்கூட ஒதுக்கவில்லை. அதன் பலனை என் மகளின் தொண்டைதான் அனுபவித்தது.

முதலில் சுருதியை, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஒலியின் உயரத்தை, சொல்லிவிடுகிறேன். கர்நாடக இசையில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் ஸ்வரமான ஷட்ஜம், அதாவது ஸ, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் இசையில் கிடையாது. பாடுபவரின் குரல் எங்கே இயல்பாக நிற்கிறதோ அதுவே அவருடைய ஸ. அந்த உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; கட்டை கூடினால் சுருதி உயரும். பொதுவாக ஆண்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்ற அளவிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டை என்ற அளவிலும் பாடுகிறார்கள். என் மகளின் முதல் ஆசிரியர் அருமையான பாடகர். ஒன்றரைக் கட்டையில் கணீரென்று பாடுவார். சுருதிப் பெட்டியும் அதிலேயே வைக்கப்பட்டிருக்கும். வகுப்பில் இருந்த எட்டுக் குழந்தைகளும் அதே ஒன்றரைக் கட்டையை அவருக்கு ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை உள்ள தூரம்) மேலே வைத்துக்கொண்டு பாடினார்கள். முதல் பயிற்சியான சரளி வரிசை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேல்ஸ்தாயி வரிசை வந்ததும் என் மகள் பாடும்போது முகவாய் தானாக மேலே எழும்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. மேல் ஷட்ஜத்தைத் தாண்டினாலே குரல் கீச்சென்றது. வகுப்பு முடிந்து வந்தால் தொண்டை வலிக்கிறது என்பாள். பயிற்சி போதவில்லை என்று நினைத்து, காலையில் இன்னும் அரை மணி நேரம் அவளைப் பாட வைத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

இரண்டாவதாகப் போன ஆசிரியை முதல் நாள் பாடமே எடுக்கவில்லை. சுருதிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு கட்டையில் ஒரு முறை, ஐந்தில் ஒரு முறை, ஐந்தரையில் ஒரு முறை என்று மாற்றி மாற்றி வைத்து, மேலே எதுவரை சிரமமில்லாமல் போகிறாள், கீழே எதுவரை குரல் கேட்கிறது என்று பார்த்தார். ஐந்தரையில் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொடுத்தார். ஏன் பென்சில் என்று கேட்டேன். வளர வளர மாறும் என்றார். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும்போது இது இன்னும் முக்கியம். அந்தச் சமயத்தில் சுருதியை இறக்கி, பாடும் நேரத்தையும் குறைத்துக் கொடுக்கத் தெரியாத ஆசிரியரிடம் படித்து, தனக்குப் பாட்டு வராது என்று முடிவுகட்டி விட்டுவிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவளுக்கு எந்தச் சுருதி வைப்பீர்கள்? பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தால் மனம் நிறைந்து உள்ளே போகலாம். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இதுதான் என்றால் யோசிக்க வேண்டும்.

அடுத்த தவறு, கச்சேரியைப் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது. மேடையில் பாடுவது ஒரு வித்தை; எதிரே உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு ரிஷபம், அதாவது ரி, எங்கே இருக்கிறது என்று காட்டுவது வேறு வித்தை. இரண்டும் ஒருவரிடமே அமைவதுண்டு. அமைந்தே தீரும் என்பதில்லை. நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. சென்னையில் கச்சேரி செய்பவர்களுக்கு மார்கழி முழுவதும் ஓட்டம். வசந்த காலம் வந்தால் அமெரிக்கப் பயணம். 1978-இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையை ஒட்டிப் பலர் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார்கள். அது அவர்கள் தொழில், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சரளிக்கு அடுத்த ஜண்டை வரிசையில் இருக்கும் குழந்தைக்கு இரண்டு மாத இடைவெளி என்பது தொடங்கிய இடத்துக்கே திரும்புவதுதான். முன்னேறிய மாணவர்களுக்குப் பொருந்துகிற ஆசிரியர், சரளி வரிசை தொடங்குபவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆசிரியர் பாடுவதைக் கேட்காதீர்கள், அவருடைய மாணவர்கள் பாடுவதைக் கேளுங்கள். ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். நான் உட்கார்ந்த அன்று ஒரு சிறுமி மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தாள். ஆரம்பப் பாடங்கள் இந்த ராகத்தில்தான் நடக்கும். அந்த ஏற்பாட்டைப் புரந்தரதாசர் செய்தார் என்பது மரபு. இதில் ஸ-வுக்கும் ரி-க்கும் இடையே சின்ன இடைவெளி, ரி-க்கும் க-வுக்கும் இடையே பெரிய இடைவெளி. குழந்தைகள் இரண்டையும் சமமாக்கிவிடுவார்கள். ரி மேலே ஏறிவிடும். அந்தச் சிறுமிக்கும் ஏறியது. ஆசிரியை தப்பு என்று சொல்லவில்லை. தாளம் போட்ட கையைப் பிடித்து நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார். “ஸ-வை மட்டும் பிடி. நீளமாக. இப்போது ரி, அது ஸ-வின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, எழுந்து ஓடவில்லை” என்றார். மூன்றாம் முறை ரி சரியான இடத்தில் வந்து விழுந்தது. அறையில் இருந்த மற்றக் குழந்தைகளின் முகத்திலும் அது தெரிந்தது. தவறான ஸ்வரம் வரும் அந்த நொடியில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கத்தான் நாம் போகிறோம். கவனிக்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாரா, அதட்டுகிறாரா, தொடையில் தட்டுகிறாரா, அல்லது காதைத் திறந்துவிடுகிறாரா? அடித்தால்தான் வித்தை வரும் என்று நம்புகிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் பாடம் எடுப்பேன், பெற்றோர் வாசலோடு போய்விட வேண்டும் என்பவரும் வேண்டாம். இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவசரம் நாம் செய்யும் தவறு. எத்தனை மாதத்தில் கீர்த்தனை வரும், நவராத்திரிக் கொலுவில் பாடுவாளா என்று முதல் நாளே கேட்டுவிடுகிறோம். சரளி, ஜண்டை, தாட்டு, ஏழு தாள அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அதற்குப் பிறகு கீர்த்தனை என்ற வரிசை காரணத்தோடுதான் இருக்கிறது. ஒரே அலங்காரத்தை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், தாளம் பிசகாமல் பாடத் தெரியாத குழந்தைக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தால், அது கிளிப்பிள்ளைப் பாடமாகத்தான் இருக்கும். பெற்றோரின் நச்சரிப்புக்குப் பயந்து பாடத்தை ஓட்டும் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களைக் கெடுத்தது நாம்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு வருடமாக அலங்காரத்திலேயே குழந்தை நிற்கிறாள், ஏன் என்று கேட்டால் ஆசிரியருக்கு விளக்கமும் இல்லை என்றால் அது பொறுமை அல்ல, அக்கறையின்மை.

வாத்தியம் கற்க விரும்புகிறவர்கள் செய்யும் தவறு, ஆசிரியருக்கு முன்னால் வாத்தியத்தை வாங்கிவிடுவது. எங்கள் உறவினர் ஒருவர் ஆசை ஆசையாக வீணை வாங்கி வந்தார். ஸ்வர இடங்களைக் காட்டும் 24 மெட்டுகளும் (குறுக்குக் கம்பிகள்) மெழுகில் பதிந்திருக்கும் வாத்தியம் அது. அந்த மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிப்பதைத்தான் மேளம் கட்டுவது என்பார்கள். மேளம் சரியாகக் கட்டப்படாவிட்டால் விரல் சரியான மெட்டில் இருந்தாலும் ஸ்வரம் தப்பாகவே பேசும். அவருடைய வீணை அப்படித்தான் பேசியது. கற்றுக்கொள்ளப் போன இடத்தில், முதலில் இதை மேளம் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வயலினில் முழு அளவு, முக்கால், அரை, கால் என்று அளவுகள் இருக்கின்றன. குழந்தையின் கை நீளத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு, நம் முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது காலின் மேல் தாங்கி வாசிக்கிறோம். தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறோம். மேற்கத்திய முறையில் சொல்லித் தருபவரிடம் போய் வர்ணம் எதிர்பார்ப்பது அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். எந்த முறை என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகு சேருங்கள். மிருதங்கம் என்றால் எந்தச் சுருதிக்கான வாத்தியம் என்பதையும் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். கூடவே போய் வாங்கித் தரும் ஆசிரியர் கிடைத்தால் பாக்கியம். பாட்டுக்கு சுருதிப் பெட்டி அல்லது செல்பேசியில் ஒரு தம்புரா செயலி போதும். கீபோர்டை வைத்துப் பாடிப் பழகுவதை நான் ஏற்கவில்லை. அதன் ஸ்வரங்கள் அசையாது, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கமகம் அந்த அசைவிலேயே உயிர்வாழ்வது.

இணைய வகுப்பு தவறில்லை. வெளிநாட்டிலும் சிற்றூர்களிலும் இருப்பவர்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாடி நிறுத்தியபின் மற்றவர் பாட வேண்டும். பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி தம்புராவையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். அந்த அமைப்பை அணைத்து வைக்க வேண்டும். தொடக்கத்தில் சில மாதங்களாவது நேரில் போக வழியிருந்தால் போய்விடுங்கள்.

தனியாசிரியர் ஒருவரே வழி என்று நினைப்பதும் தவறுதான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து வந்தவர்களில் பலர் வீட்டில் வகுப்பு எடுக்கிறார்கள். நாதஸ்வரமோ தேவாரமோ கற்க ஆசைப்படும் பிள்ளைக்கு, முதலில் அங்கே போய் விசாரிப்பதே நேர்வழி.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். மாதத்துக்கு நான்கு வகுப்பா எட்டா, எவ்வளவு நேரம், தனியாகவா கூட்டமாகவா, ஆசிரியர் வராத நாளுக்கு ஈடு உண்டா, நாம் ஊருக்குப் போனால் என்ன செய்வது, இவற்றை முதல் வாரமே பேசிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. கலைக்கு விலை பேசுவதா என்று தயங்கி, ஆறு மாதம் கழித்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அந்தக் கலைக்குச் செய்யும் அவமரியாதை.

ஆசிரியரை மாற்ற வேண்டி வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பாடாந்தரம், அதாவது ஒவ்வொரு குருவழியிலும் பாடும் விதம், மாறும், சில பாடங்களைப் புதியவர் திரும்பத் தொடங்குவார்; குழந்தை சோர்ந்துபோகாமல் அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. நாங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு முதல் ஆசிரியரைப் பார்க்கப் போனோம். தொண்டை வலித்ததையும், சுருதி மாறியதையும் மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சுருதிப் பெட்டியை எடுத்து ஐந்தரைக்கு வைத்து, எங்கே பாடு, கேட்கிறேன் என்றார்.