பின் ஆக்ஸில் அசெம்ப்ளி மாற்றிய கதை: என் அனுபவம்

என் வண்டியின் இன்ஜின் பவரை ஏற்றி, பிடிப்பு அதிகமுள்ள டயர் போட்டதும் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் அதன் முனையில் கியருடன் கோக்கும் 28 ஸ்ப்லைன் பற்கள் கயிறு முறுக்கினாற்போல் திருகியிருந்தன. ஷாஃப்டை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் அதைப் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் (இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) இருக்கும் C வடிவச் சிறு சி-கிளிப்தான்; ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே கழன்று வெளியே வரும். அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

ஆகவே ஃபோர்டு 9 இன்ச் வகை (9 இன்ச் என்பது உள்ளிருக்கும் ரிங் கியரின் விட்டம்) முழு அசெம்ப்ளியையே போட முடிவெடுத்தேன்; ஷாஃப்டில் 31 ஸ்ப்லைன். இதில் பேரிங்கை ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) முனையிலேயே பிளேட் வைத்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். ரிங் கியரைச் சுழற்றும் சிறு கியரான பினியனின் உள்முனைக்கும் ஒரு பேரிங் தாங்கல் உண்டு. உராய்வு இழப்பு சற்றுக் கூடுதல்தான், வலிமைக்காக ஏற்றுக்கொண்டேன்.

ஆர்டருக்கு முன் அளவெடுப்பதில்தான் நிஜமான வேலை. சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து மறு முகம் வரை அளந்தேன். டிஸ்க் பிரேக் ரோட்டரின் தடிமனும் சக்கரத்தை வெளியே தள்ளும் என்பதால் அதைக் கழித்தேன்; இல்லையென்றால் டயர் ஃபெண்டரில் உரசும். நெடுஞ்சாலை ஓட்டமும் இருப்பதால் ரேஷியோ 3.70 (பினியன் 3.70 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்) போதும்.

பினியன் யோக் (பினியனின் இணைப்பு முனை) முன்னே நீண்டதால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுருக்கி பேலன்ஸ் செய்தோம். பினியன் கோணத்தைச் சரிசெய்ததும் அதிர்வு நின்றது. புது கியரை மிதமாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றினேன். இப்போது முழு வேகத்தில் கிளம்பினாலும் சத்தமே இல்லை.