பயப்படாதே என்று சொல்லாமல் பிள்ளையை மைதானத்தில் இறக்குவது எப்படி?

தை, மாசி பிறந்தால் வன்னியில் எந்தப் பள்ளிக்கூடப் பக்கம் போனாலும் சுண்ணாம்புக் கோடும் ஒலிபெருக்கியும்தான், பள்ளிக்கூட இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிக் காலம். பயிற்சியில் துள்ளிப் பாய்கிற பிள்ளை போட்டியன்று கால் நடுங்கி நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் முதலில் "பயப்படாத, உன்னால ஏலும்" என்று முதுகில் தட்டித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீளம் பாய்தலில் இரண்டு தரம் கோட்டை மிதித்துப் பிழைவிட்ட பிள்ளையிடம் "கோட்டை மிதிக்காத!" என்று கத்தினேன். மூன்றாவதும் பிழை. அவளுடைய தலைக்குள் அந்தக் கோட்டைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்? பிழை என்னுடையது.

முதல் வேலை, ஒரு கொப்பி. பயிற்சி முடிந்ததும் பிள்ளை தன் கையாலேயே இரண்டு வரி எழுத வேண்டும்: இன்று சரியாக வந்தது எது, நாளைக்கு மாற்றப்போவது எது. "நன்றாகச் செய்தேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள்; "கடைசி மூன்று எட்டில் வேகம் குறையவில்லை" என்பதுதான் வேண்டும். பாய்ந்த தூரம், ஓடிய நேரம் இருந்தால் அதையும் குறிக்கட்டும். உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் தன்னம்பிக்கை வருகிற நான்கு வழிகளைச் சொன்னார். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தையும் அதில் ஒன்றுதான், ஆனால் தானே செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் எல்லாவற்றிலும் வலு கூட. போட்டிக்கு முதல்நாள் இரவு பிள்ளை வாசிக்க வேண்டியது அந்தக் கொப்பியைத்தான், உங்கள் பிரசங்கத்தை அல்ல.

அடுத்தது மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். இதைப் போட்டியன்று புதிதாகச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, இரண்டு கிழமைக்கு முன்பே வேப்பமர நிழலில் இருத்திப் பழக்குங்கள். நெஞ்சு படபடப்பது உடம்பு ஆயத்தமாகிறதற்கும் அடையாளம் என்று அப்போதே சொல்லிவையுங்கள்.

பிறகு ஓர் ஒழுங்கு. பாதத்து மணலைத் தட்டு, ஒரு மூச்சு விடு, மணற்குழிக்கு அப்பால் பார், "உயர" என்று மனதுக்குள் சொல், ஓடு. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இதே வரிசைதான். சொல் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும், செய்யக்கூடாததை அல்ல.

எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் இனித்தான் வருகிறது. கிரவல் நிலத்தில் வெறுங்காலோடு பழகிய பிள்ளை பெரிய போட்டிக்கென்று விடியற்காலை பஸ் ஏறி யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் போய் இறங்குகிறது. பக்கத்துப் பிள்ளையின் காலில் ஆணிச் சப்பாத்து, அடியில் கூராணி வைத்த ஓட்டச் சப்பாத்து. ஓடமுன்பே பாதி தோல்வி அங்கேதான். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பொய்ப்போட்டி ஒன்று வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மற்றப் பிள்ளைகள் தகரம் தட்டிக் கூச்சல் போடட்டும், வேண்டுமென்றே இருபது நிமிடம் காக்கவைத்துவிட்டு இறக்குங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கூச்சல் பழகிவிடும். ஆணிச் சப்பாத்துப் போட்ட பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, பதிலையும் முன்கூட்டியே கொப்பியில் எழுதவையுங்கள்.

தன்னைப் போன்ற ஒருவர் செய்ததைப் பார்ப்பதும் பண்டூரா சொன்ன வழிகளில் ஒன்று. உலகச் சம்பியன்களின் படத்தை விட, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்ற முள்ளியவளை அகிலத்திருநாயகியின் கதை இங்கே நன்றாக வேலை செய்கிறது. பிள்ளைகள் முதலில் கேட்பது "உண்மையா சேர், எங்கட முள்ளியவளையா?" என்றுதான்.

அம்மா அப்பாவுக்கு ஒன்று. வீடு திரும்பும்போது "எத்தினையாம் இடம்?" என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், மிச்சத்தைப் பிள்ளையே சொல்லும். பல நாளாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது இந்தப் பயிற்சியால் தீருகிற விஷயம் அல்ல, மருத்துவரிடமோ பள்ளிக்கூட ஆலோசனை ஆசிரியரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், அடுத்த நாள் கொப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். தோற்ற நாளுக்கும் அதே இரண்டு வரிதான்.