புது மண்சட்டியைப் பழக்குவது எப்படி?

நான் வாங்கிய முதல் மண்சட்டி ஒரு நாள்கூட உழைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுவி, அடுப்பில் ஏற்றி, தீயைக் கூட்டிப் புளிக்குழம்பு வைத்தேன். கொதி வருவதற்குள் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பர்னர் முழுக்கப் புளித்தண்ணீர். சட்டியைக் குறை சொல்ல முடியாது, பழக்காமல் ஏற்றியது என் அவசரம். நீங்களும் அப்படி ஒன்றை உடைத்துவிடாமலிருக்க, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஒரு வாரம் ஆகும். வேலை என்னவோ தினம் ஐந்து நிமிடம்தான்.

முதலில் வாங்குவது. சட்டியை உள்ளங்கையில் நிறுத்தி, விரல் முட்டியால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. 'டொப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது, வைத்துவிடுங்கள். கடம் என்ற தாள வாத்தியத்துக்குப் பேர்போன மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ச் சட்டியானாலும் தட்டித்தான் வாங்குவேன். பெயின்ட், வார்னிஷ் அடித்து மினுங்குவது சமையலுக்கு வேண்டாம். சிவப்பா கறுப்பா என்று குழம்ப வேண்டாம். சூளையில் காற்றை அடைத்துப் புகையில் வேகவைத்தால் கறுப்பு, அவ்வளவுதான். கேஸ் அடுப்பில் ஆடாமல் நிற்க, அடி தட்டையானதாகப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி சூடாகாது.

முதல் நாள், தூசி போகக் கழுவிவிட்டு, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் சட்டியை முழுக்க அமிழ்த்துங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும், சுவரெங்கும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், கோடை மழை விழுந்த தெருவின் வாசம் அடிக்கும். சட்டியின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் இருந்த காற்று வெளியேறித் தண்ணீர் புகுகிறது. மறுநாள் வரை அப்படியே கிடக்கட்டும்.

அடுத்த மூன்று நாள் வடிகஞ்சி. தினமும் சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துச் சட்டி நிறைய ஊற்றுங்கள். குக்கரில் சோறு வைப்பவர்கள் அரிசி களைந்த தண்ணீரில் ஒரு கைப்பிடி அரிசி போட்டுக் காய்ச்சிக்கொள்ளலாம். கஞ்சியின் பசை அந்தத் துளைகளை அடைக்கும். பழைய கஞ்சியை மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வீடே நாறும். கொட்டுவதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன்.

ஐந்தாம் நாள் கழுவி நிழலில் காயவையுங்கள். பூனை வளர்ப்பவர்கள் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் பூனைக்குப் புதுச்சட்டி என்றால் தனக்குத்தான் வாங்கியது என்று நினைப்பு. ஈரம் காய்வதற்குள் உள்ளே சுருண்டு படுத்துவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முக்கால் பங்கு கஞ்சி ஊற்றி, தீயைச் சிம்மில் வைத்து ஏற்றுங்கள். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஈரச் சட்டி சட்டென்று சூடானால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சுவரைத் தள்ளும். அடி சூடாகி விரியும், விளிம்பு குளிர்ந்தே இருக்கும். விரிசல் விடாமல் என்ன செய்யும்? மெதுவாகக் கொதி வரட்டும். பத்து நிமிடம் கொதித்ததும் அணைத்துவிட்டுத் தானாக ஆறவிடுங்கள்.

கடைசியாக, இரண்டு கரண்டி எண்ணெயில் தேங்காய்த் துருவலும் சின்ன வெங்காயமும் சிவக்க வதக்குங்கள். வாசனை ஆளைத் தூக்கும், ஆனால் தின்னாதீர்கள். மண்துகளெல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும். கொட்டிவிடுங்கள்.

இனிச் சமைக்கலாம். முதல் வாரம் பருப்பு, கீரை மசியல் என்று போங்கள். புளியும் தக்காளியும் அப்புறம். குழம்பு முக்கால் பதம் வந்ததும் அணைத்துவிடலாம், சட்டிச் சூட்டில் மீதி வெந்துவிடும். இறக்கியதை ஈரக் கல்மேடையில் வைக்கவே கூடாது. பிரிமணை அல்லது மடித்த துணி வேண்டும். மீனுக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று என்று சட்டி தனித்தனியாக இருக்கட்டும். சமைத்ததன் வாசனையை மண் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கழுவ சோப்பு வேண்டாம், அதையும் குடித்துவிடும். வெந்நீர், கடலை மாவு, தேங்காய் நார் போதும். ஈரத்தோடு அலமாரியில் வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் தேய்த்துக் கழுவி, தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டி, வெயிலில் போடுங்கள்.

அடி விரிந்த அந்த முதல் சட்டியை எறியவில்லை. தண்ணீர் வடியத் துளை போடும் வேலை மிச்சம் என்று மாடியில் புதினா நட்டுவிட்டேன்.