மூன்றாம் பந்திக்கு முன்னால் ஒரு போன்

மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துப்போக வந்து மூடியைத் திறந்த தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை விட்டுச் சாம்பாரை ஒரு தடவை கிளறினார். அடியிலிருந்து நுரை பொங்கி வந்தது. புளித்த வாடை எனக்கே அடித்தது. "அண்ணா, இதை எடுத்துட்டுப் போக முடியாதுங்க" என்றார். மண்டபத்துக்குப் பின்னால் குழியில் ஊற்றினோம். 150 பேர் வயிறார உண்டிருக்க வேண்டிய சாம்பார் அது. காலை 10 மணிக்குத் தேங்காய் அரைத்துவிட்டு இறக்கியது. ஒரு மணிக்கே மிஞ்சும் என்று தெரிந்தும் பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, மூன்றரை மணிக்குத்தான் யாரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தோம். வண்டி வரும்போது மணி ஐந்து.

கோவைப் பக்கம் 18 வருஷமாகக் கல்யாணச் சமையலில் இருக்கிறேன். அடுப்பை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். ஸ்டோர், பந்தி, கணக்கு மூன்றும் என் பொறுப்பு. அந்தக் குழிக்குப் பிறகு, மிச்சத்தைக் கொடுப்பது பந்தி முடிந்தபின் செய்கிற வேலை இல்லை என்று எனக்குப் புரிந்தது. மளிகை லிஸ்ட் போடும் அன்றைக்கே அது தொடங்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் விசேஷம் வருகிறது என்றால் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிச்சத்தை வாங்கிக்கொள்ள ஆளைப் பிடியுங்கள். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு இப்போது வேறு பல ஊர்களிலும் இருக்கிறது. அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிய 'ராபின் ஹூட் ஆர்மி'க்கும் பல நகரங்களில் தன்னார்வலர்கள் உண்டு. உங்கள் ஊரில் இவர்கள் இல்லையென்றால் ஒரு முதியோர் இல்லம், ஒரு பிள்ளைகள் இல்லம், மாநகராட்சியின் இரவுத் தங்குமிடம் என்று மூன்று இடங்களின் எண்ணையாவது விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், அன்றைக்கு வேறு யாராவது சாப்பாடு தருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாளில் ஒரே இல்லத்துக்கு நாலு மண்டபத்திலிருந்து சோறு போய் நிற்பதும், பக்கத்துத் தெரு இல்லத்தில் அன்றைக்குக் கஞ்சி காய்ச்சுவதும் நான் பார்த்தது.

அடுத்தது உலை. மாஸ்டரிடம் சோற்றை இரண்டு மூன்று உலையாகப் போடச் சொல்லுங்கள். முதல் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிய பிறகு கடைசி உலைக்கு அரிசி களையட்டும். வடை மாவும் அப்பளமும் அப்படித்தான், கேட்கக் கேட்கப் பொரிக்கலாம். வேகாத அரிசிக்கும் பிரிக்காத பருப்பு மூட்டைக்கும் அவசரமே இல்லை. மறுநாள் நிதானமாக எந்த இல்லத்துக்கும் கொடுக்கலாம். வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. அங்கே அரிசி, பருப்பு, காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். என்னைக் கேட்டால், சமைக்காத மிச்சம்தான் முதல் தரமான தானம். எண்ணெய் பாக்கெட்டில், மசாலா பாக்கெட்டில் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

சரி, சமைத்தது மிஞ்சினால்? போன் செய்கிற நேரம் மூன்றாம் பந்திக்கு இலை போடுவதற்கு முன்னால். அப்போதே வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். "ரெண்டு அண்டா சோறு இருக்குங்க" என்று சொன்னால் எதிர்ப்பக்கம் ஒன்றும் விளங்காது. எத்தனை பேருக்குப் போதும் என்று சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு வடித்த சோறு 300 கிராம் என்று வையுங்கள். 10 கிலோ சோறு என்றால் சுமார் 30 பேர். சோறு 60 பேருக்கும் சாம்பார் 20 பேருக்கும்தான் இருக்கிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் ரசத்தையோ ஊறுகாயையோ தேடி வைத்துக்கொள்வார்கள்.

ஒரு முறை கல்யாணப் பெண்ணின் பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏங்கண்ணு, பந்தி முடியறதுக்குள்ளயே அண்டாவ ஒதுக்கி வெச்சா சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" அந்த வருத்தம் நியாயமானது. வந்தவர் யாரும் குறைபட்டுப் போகக் கூடாது. "இல்லீங்க பெரியம்மா, கடைசிப் பந்திக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் இதை ஒதுக்கறேன். கை படாத அண்டா இது. இலைக்குப் போனது ஒண்ணும் இதுல சேராதுங்க" என்று காட்டினேன். அவரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டி வரும்வரை பார்த்துக்கொண்டார். பந்தியில் சுற்றி வந்த வாளியில் மிஞ்சியதைத் திரும்ப அண்டாவில் கொட்டக் கூடாது. இதைப் பரிமாறுகிற பையன்களுக்குக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி சூடு. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கலாம், 5 டிகிரிக்குக் கீழே இருக்கலாம். நடுவில் வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து உலை கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சை மறுபடி சூடாக்கியும் போக்க முடியாது. அதனால் "சுட வெச்சுக் கொடுத்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

வண்டி ஒரு மணி நேரத்தில் வரும் என்றால் சாம்பாரையும் ரசத்தையும் சிறு தீயில் வைத்து ஆவி பறக்கவே வைத்திருங்கள். சோற்றை வடித்த சூட்டோடு ஹாட் பாக்ஸில் அடையுங்கள். சில நூறு ரூபாய்க்கு உணவுத் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. நான் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அண்டாவின் நடுவில் குத்திப் பார்ப்பேன், ஓரத்துச் சூடு ஏமாற்றும். ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். காலைச் சாம்பாரை மதியச் சாம்பாரில் ஊற்றினால் இரண்டும் போய்விடும். பெயின்ட் வாளி, கலர் பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். எவர்சில்வர் தூக்குதான் சரி, பெரும்பாலும் அவர்களே கொண்டு வருவார்கள்.

சிலவற்றைக் கொடுக்கவே கூடாது. தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, நறுக்கி வைத்த பழம், வெளியிலேயே இருந்த பால் பாயசம் எல்லாம் இந்த வகை. தேங்காய் சேர்ந்த கூட்டும் அவியலும் சீக்கிரம் ஊசிப்போகும், அவை முதல் வண்டியில் போனால்தான் உண்டு. புளியோதரை கொஞ்சம் தாங்கும். லட்டு, மைசூர்பாகு பற்றிக் கவலையில்லை. பிரியாணி என்றால் ஆவி அடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். சந்தேகம் வந்தால் கொடுக்கவே வேண்டாம். சோறு விரலில் நூல் இழுத்தால் அதோடு முடிந்தது.

ஒவ்வொரு தூக்கிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: என்ன உணவு, எங்கிருந்து, எப்போது சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும், சைவமா அசைவமா. மிகுதி உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் கொண்டுவந்த விதிகளும் இந்த விவரங்களைக் கேட்கின்றன. முந்திரி, கடலை சேர்ந்திருந்தால் அதையும் நான் எழுதிவிடுவேன்.

மாலை வரவேற்புச் சாப்பாடுதான் கஷ்டம். இரவு பத்தரை மணிக்கு இல்லங்களில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். காலை வரை வைத்துக் கொடுப்பது தவறு. அரசு மருத்துவமனைக்கு வெளியே நோயாளிகளோடு வந்தவர்கள் அந்த நேரத்தில் விழித்திருப்பார்கள். அங்கே வழக்கமாகக் கொடுக்கிற குழுவிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் வரவேற்புக்கு அளவைக் குறைத்துச் சமையுங்கள். 14 அயிட்டத்தை 10 ஆக்கினால் யாரும் கவனிப்பதில்லை.

வீட்டில் பிறந்தநாள் வைத்து ஏழெட்டுப் பேர் சாப்பாடு மிஞ்சினால் அதற்கு வண்டி வராது. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் 'ஐயமிட்டு உண்' என்று பொதுக் குளிர்சாதனப் பெட்டி வைத்தார்கள். அது மாதிரி உங்கள் பக்கம் இருந்தால் அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி வையுங்கள்.

மறுநாள் காலை தூக்குகளை வாங்கப் போகும்போது எது திரும்பி வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளைகள் இல்லத்திலிருந்து மூன்று முறை மிளகு ரசம் அப்படியே திரும்பியது. இப்போது அங்கே ரசம் அனுப்புவதில்லை. வண்டி கிளம்புவதற்குக் கால் மணி முன்பு அப்பளம் தனியாகப் பொரித்து, ஆறவைத்து, டின்னில் போட்டு அனுப்புகிறேன். டின் காலியாகத்தான் வருகிறது.