உடல் முழுக்க மூடும் விலங்கு வேடம்: வீட்டில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரப்பட்டினம் தசராவில் கரடி வேடம், பள்ளி ஆண்டு விழாவில் சிங்கம், கடைத் திறப்பு விழாவில் கையாட்டி நிற்கும் முயல் என்று தலை முதல் கால் வரை மூடிய வேடங்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அப்படி ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். செய்கிறவர் கண்ணாடியில் தெரியப்போகும் மிருகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் மூச்சுவிட வேண்டிய, படியிறங்க வேண்டிய, நடுவில் கழிவறைக்குப் போக வேண்டிய மனிதரின் நினைவு கடைசியில்தான் வருகிறது.

பெரிய ஸ்டுடியோக்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 1954இல் ஜப்பானில் காட்ஸில்லா படத்துக்குச் செய்த முதல் உடை ஏறத்தாழ 100 கிலோ இருந்தது. அதை அணிந்த நடிகர் ஹருவோ நகாஜிமாவால் சில மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. எடை குறைத்து வேறொன்று செய்தார்கள். முதல் உடையை வெட்டி, கால்கள் மட்டும் தெரியும் காட்சிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நம் வீட்டில் இரண்டாவது உடைக்குத் துணியும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

ஆகவே முதலில் வெப்பத்தைப் பற்றித் திட்டமிடுங்கள். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். விலங்கு முடிபோல் இழைகள் வைத்த ஃபர் துணிக்குள் காற்று ஓடாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை வழியுமே தவிர, குளிர்ச்சி தராது. உள்ளே பருத்தி பனியன் போடுவது பலர் செய்யும் பிழை. அது வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே உடம்பில் ஒட்டிக் கிடக்கும். விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய பாலியஸ்டர் சட்டையும் காலுறையும் அதைவிட நல்லவை. வேடத்தின் தலைக்குள் முகவாய்ப் பகுதியில் 5 வோல்ட் சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, பவர் பேங்கை இடுப்புப் பையில் வையுங்கள். தலைக்குள் வைக்க வேண்டாம். வெயில் காலத்தில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தலையைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் நடக்கும் ஆந்த்ரோகான் போன்ற விலங்கு வேட ஆர்வலர்களின் கூடல்களில், வேடமணிந்தவர்கள் தலையைக் கழற்றி ஓய்வெடுக்க மின்விசிறிகளோடு தனி அறையே ஒதுக்குகிறார்கள். நம் விழாக்களிலும் மேடைக்குப் பின்னால் அப்படி ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவை வந்தால் நிகழ்ச்சியை அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது அளவு. தையல்காரர் எடுக்கும் சட்டை அளவு இதற்குப் போதாது. பழைய உடையை அணிந்துகொண்டு, அதன் மேல் ஒட்டும் டேப்பைச் சுற்றி, கோடு போட்டு வெட்டிப் பிரித்து அதையே மாதிரியாகப் பயன்படுத்துவதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். நல்ல முறைதான். ஆனால் தனியாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. மார்பைச் சுற்றி இறுக்கினால் மூச்சு முட்டும். முழங்காலை விறைப்பாக வைத்து வெகுநேரம் நின்றால் மயக்கம் வரும். கழுத்தில் டேப் சுற்றக் கூடாது. வெட்டுவதற்கு மருத்துவமனைகளில் கட்டுப் பிரிக்கும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் நல்லது. இன்னொன்று: நின்றபடி எடுத்த மாதிரியை அப்படியே தைத்தால் உட்கார முடியாது. பின்புறத்திலும் முழங்காலிலும் கூடுதலாகத் துணி விடுங்கள்.

ஃபர் துணியை வெட்டும் இடத்தில்தான் பணமும் உழைப்பும் அதிகம் வீணாகின்றன. பெரியவர் ஒருவருக்கு அகலத் துணியில் சுமார் நான்கைந்து மீட்டர் தேவைப்படும். அதைக் கத்தரிக்கோலால் மேலிருந்து வெட்டினால், துணியோடு முடியும் மொட்டையாக நறுக்கப்பட்டு, தைத்த பிறகு ஒவ்வொரு தையலும் தழும்புபோல் தெரியும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் கோடு வரைந்து, காகிதம் வெட்டும் கட்டரின் நுனியால் அடித்துணியை மட்டும் கீறுங்கள். பிறகு இரு கையாலும் மெல்ல விரித்தால் முடி வெட்டுப்படாமல் தானாகப் பிரிந்துவரும். தைக்கும்போது விளிம்பு முடிகளை உள்பக்கம் தள்ளிவிட்டுத் தைத்து, முடிந்ததும் தடித்த ஊசியால் தையலில் சிக்கிய முடியை வெளியே இழுத்துவிடுங்கள். தையல் எங்கே போகிறது என்று அருகில் நின்று பார்ப்பவருக்கும் தெரியாது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

முடியின் போக்கையும் மறக்கக் கூடாது. பூனையைத் தடவும்போது கை வழுக்கிப் போகும் திசைதான் முடி போகும் திசை: மூக்கிலிருந்து பின்னோக்கி, தோளிலிருந்து கீழ்நோக்கி. ஒவ்வொரு மாதிரித் துண்டிலும் அம்புக்குறி போட்டுவிடுங்கள். பின்புறத்தில் வரைவதால் இடமும் வலமும் மாறிவிடும். இரண்டு இடது கால்களை வெட்டிவைத்துத் திகைப்பவர்கள் நிறைய. முகத்து முடியை டிரிம்மரால் குறைக்கும் முன் வெட்டிமீந்த துண்டில் பழகுங்கள், முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். பறக்கும் இழைகள் நுரையீரலுக்கு ஆகாது.

தலைக்கு உருவம் தரும் ஃபோமை ஒட்ட மர வேலைக்கான வெள்ளைப் பசை உதவாது; காய நேரமாகும், காய்ந்ததும் கட்டியாகும். ரப்பர் வகைப் பசையை இரு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். அதன் ஆவி நச்சு, எளிதில் தீப்பற்றும். மொட்டை மாடியில் செய்யுங்கள். சமையலறைப் பக்கம் போக வேண்டாம். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானதுதான். ஆனால் வெயிலில் பூட்டிய காருக்குள் தலையை வைத்தால் அந்தப் பசை இளகி, காது தனியே கழன்றுவிடும்.

கண்ணுக்கு வைக்கும் வலைத்துணியின் வெளிப்பக்கம் எந்த நிறமாகவும் இருக்கலாம். உள்பக்கம் கறுப்பாக இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். பகலில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள், மாலையில் குழல்விளக்கு வெளிச்சத்திலும் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் முழங்கால் உயரத்தில் ஓடிவரும் குழந்தை உங்கள் கண்ணில் படாது. கைப்பிடித்து அழைத்துப்போக ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். பாதங்களை அழகுக்காக நீட்டிவிட்டால் படிக்கட்டில் தடுக்கும். உள்ளே பழைய கேன்வாஸ் ஷூவை வைத்து, அடியில் ரப்பர் சோல் ஒட்டுங்கள்.

வாலை ஃபர் துணியோடு தைத்தால் அதன் கனத்தில் துணி கிழியும்; உள்ளே ஒரு பெல்ட்டில் கோத்து, துணியில் விட்ட துளை வழியே வெளியே எடுங்கள். ஜிப் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை இறங்க வேண்டும். அதன் இழுப்பானில் நாடா கட்டி, அணிந்தவரே யார் உதவியும் இல்லாமல் திறக்கும்படி செய்யுங்கள்.

தீயைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செயற்கை ஃபர் சட்டெனப் பற்றும், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆரத்தித் தட்டு, கற்பூரம், தீச்சட்டி, பட்டாசு எதன் அருகிலும் இந்த வேடத்தில் நிற்காதீர்கள். மாறுவேடப் போட்டிக்குச் சிறு குழந்தையை அனுப்பும்போது மூடிய தலையே வேண்டாம். காது வைத்த தொப்பியும் முகத்தில் வண்ணமும் போதும்.

ஒவ்வொரு முறை அணிந்த பிறகும் உள்பக்கத்தை வெளியே திருப்பி மின்விசிறியின் கீழ் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உடையைக் குளிர்ந்த நீரில் அலசலாம். தலையை நனைக்க வேண்டாம், நீர் கலந்த ஆல்கஹாலை உள்ளே தெளித்தால் போதும். அவசரத்துக்குச் சூடான ஹேர் டிரையரைக் காட்டினால் முடி உருகிச் சுருண்டுவிடும். சுருண்ட முடியை எந்தச் சீப்பாலும் நிமிர்த்த முடியாது.