குரோனோகிராஃப் வாட்ச்: பட்டனில் தொடங்கும் தவறுகள்

மெக்கானிக்கல் குரோனோகிராஃப், அதாவது பேட்டரி இல்லாமல் ஓடும், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச், வாங்குபவர்களில் பலர் அதற்கு முன்பு பேட்டரி வாட்ச் கட்டிப் பழகியவர்கள். பழைய பழக்கம் விரலோடு கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலான பேட்டரி குரோனோகிராஃபில் பட்டன் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். எப்படி அழுத்தினாலும் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். மெக்கானிக்கலில் அதே பட்டனுக்குப் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் அழுத்தம் நேராக உள்ளே இருக்கும் எஃகு பாகங்களின் மேல் போய் விழுகிறது. அதனால்தான் இந்த வாட்சைப் பொறுத்தவரை எதை அழுத்துகிறோம் என்பதைவிட எந்த வரிசையில், எப்படி அழுத்துகிறோம் என்பது முக்கியம்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். நேரம் காட்டும் பல்சக்கரங்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்டாப்வாட்ச் பகுதி அவற்றுக்கு மேலே சும்மா நிற்கிறது. 2 மணிப் பக்கத்துப் பட்டனை அழுத்தினால் ஒரு கிளட்ச் இரண்டையும் இணைக்கிறது, மறுபடி அழுத்தினால் பிரிக்கிறது. 4 மணிப் பக்கத்துப் பட்டன் வேறு மாதிரி. அதை அழுத்தும்போது ஒரு சின்னச் சுத்தியல், முள்ளின் அச்சில் பொருத்திய இதய வடிவத் தகட்டை அடிக்கிறது. முள் எந்த இடத்தில் நின்றாலும் அந்த வளைவு அதை ஒரே நொடியில் பூஜ்யத்துக்குத் தள்ளிவிடும். அடால்ஃப் நிக்கோல் 1844-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைக்கும் குரோனோகிராஃப்கள் இதே வழியில்தான் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றன.

சரி, இப்போது முதல் தவறு: முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் பட்டனை அழுத்துவது. பல வாட்சுகளில் இதைத் தடுக்க ஒரு பூட்டு உண்டு. பட்டன் கல் மாதிரி நிற்கும். அப்போது விட்டுவிட வேண்டும். இறுக்கமாக இருக்கிறதே என்று கட்டைவிரலால் அமுக்கினால் நெம்புகோல் வளையும், அல்லது பூட்டு தேயும். பழைய வாட்சில் பூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால், ஓடும் சக்கரத்தின் மேலேயே சுத்தியல் விழும். முதலில் நிறுத்து, பிறகு பூஜ்யத்துக்குக் கொண்டு போ. இந்த வரிசை மாறவே கூடாது. ஃப்ளைபேக் வகை மட்டும்தான் விதிவிலக்கு. பறந்துகொண்டே அடுத்தடுத்து நேரம் அளக்க வேண்டிய விமானிகளுக்கு உதவிய வசதி அது, ஓடும்போதே ரீசெட் செய்ய ஏற்றபடி அதன் பாகங்களைச் செய்திருப்பார்கள். உங்கள் வாட்சின் கையேட்டில் ஃப்ளைபேக் என்று இல்லாவிட்டால் அது ஃப்ளைபேக் இல்லை. அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை இது.

அடுத்தது, பயந்து பயந்து பாதி அழுத்துவது. 1970-களில் வந்து இன்றுவரை எத்தனையோ பிராண்டுகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வால்ஜூ 7750 எஞ்சினில் ஸ்டார்ட் பட்டன் கொஞ்சம் கடினமாகவே இருக்கும். ஸ்டார்ட், ஸ்டாப் கட்டளையை உள்ளே கடத்த, பழைய வகைத் தூண் சக்கரத்துக்குப் பதிலாக அதில் கேம் என்ற தட்டையான தகடு இருப்பதால் அப்படி. அது பழுது இல்லை. மெதுவாக அமுக்கி நடுவில் நிறுத்தினால் கிளட்ச் பற்கள் அரைகுறையாகத் தொட்டு முள் குதிக்கும். வாட்சின் எதிர்ப்பக்கத்தை இன்னொரு விரலால் தாங்கிக்கொண்டு, ஒரே அழுத்தாக முழுதாக அழுத்தி விட்டுவிடுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பேனாவை டிக் டிக் என்று தட்டுவதுபோல இந்தப் பட்டன்களைத் தட்டிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு ரீசெட்டும் ஒரு சுத்தியல் அடி. அந்த முள் அச்சில் இறுக்கமாகச் செருகி மட்டுமே நிற்கிறது என்பதால், நாளடைவில் அது நழுவி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கலாம். அப்படி நின்றால் சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்துவதுதான் வழி.

நடுவில் ஓடும் பெரிய நொடிமுள் அழகாக இருக்கிறது என்று ஸ்டாப்வாட்சை நாள் முழுக்க ஓடவிடுகிறவர்கள் நிறைய. இது வாட்சைப் பொறுத்த விஷயம். சீ-கல் எஸ்டி19 எஞ்சின் உள்ள வாட்சுகள், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் போன்றவற்றில் கிளட்ச் பக்கவாட்டில் வந்து பல்லோடு பல் சேர்கிறது. ஓடும் நேரமெல்லாம் கூடுதல் சுமை, நேரத்தைச் சீராக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலின் ஆட்டம் குறையும், நேரமும் பிசகலாம். 1969-இல் வந்த சீக்கோ 6139, 2000-இல் வந்த ரோலெக்ஸ் 4130 ஆகிய எஞ்சின்களில் கிளட்ச் மேலும் கீழுமாக இயங்கும் வகை. அங்கே இந்தச் சுமை மிகக் குறைவு. உங்களுடையது எந்த வகை என்று தெரியவில்லையென்றால், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுவதே நல்லது.

இதற்காக பட்டனைத் தொடாமலே வைத்திருப்பதும் சரியில்லை. 1970 ஏப்ரலில் பழுதான அப்பல்லோ 13 விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில், எஞ்சினை 14 நொடி எரித்துப் பாதையைத் திருத்த வேண்டி வந்தது. அதில் இருந்த விண்வெளி வீரர் ஜாக் ஸ்வைகர்ட் அந்த 14 நொடியைத் தன் மணிக்கட்டில் இருந்த ஸ்பீட்மாஸ்டரில்தான் அளந்தார். வேலைக்காகச் செய்த பொருள் இது. முட்டை வேகவைக்கவோ, காபி வடிகட்டவோ, பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்துக்கோ தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எல்லா நெம்புகோலும் அசைவது நல்லது.

சாவி கொடுப்பதிலும் சில தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. கையில் கட்டியபடியே சாவி கொடுத்தால் சாவியின் தண்டு கோணலாக இழுபடும். கழற்றி வைத்துக் கொடுங்கள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலையில் என்றால் இன்னும் நல்லது. இறுகியதும் நிறுத்துங்கள், கடைசி ஒரு சுற்றுக்காக முறுக்க வேண்டாம். கை அசைவிலேயே ஸ்பிரிங் தானாக இறுகும் ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த சீக்கோ 6139 நம் ஊரில் சில வீட்டுப் பீரோக்களில் இன்னும் இருக்கிறது. அதன் சாவியை எவ்வளவு திருகினாலும் ஸ்பிரிங் இறுகாது, அந்த வசதியே அதில் கிடையாது. உள்வளையம் உள்ள மாடல்களில் திருகினால் சுற்றுவது அந்த வளையம்தான். தேதி மாற்றுவதும் சாவியை இழுத்து அல்ல, உள்ளே தள்ளி. தாத்தாவின் வாட்ச் ஓடவில்லை என்று அதன் சாவியை முறுக்கிக்கொண்டிருப்பவர்கள், வாட்சைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பார்க்கட்டும். பல வருடம் சும்மா கிடந்தது என்றால் அதுவும் வேண்டாம், முதலில் சர்வீஸ்.

7750 வாட்ச் கட்டினால் சில சமயம் கைக்குள் ஏதோ கடகடவென்று சுழல்வது தெரியும். கை அசையும்போது உள்ளே சுழலும் எடைத் தகடான ரோட்டர் ஒரு திசையில் மட்டுமே ஸ்பிரிங்கை இறுக்கி, மறு திசையில் தடையில்லாமல் சுற்றும். அதுதான் அந்த அதிர்வு. இதற்காக வாட்சைத் திறக்க வேண்டாம்.

தேதி உள்ள வாட்சில் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை விரைவாகத் தேதி மாற்றும் முறையைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே தேதிப் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும், வெளியிலிருந்து தள்ளினால் உடையும். நின்றுபோன வாட்ச் 10 காட்டினால் அது காலையா இரவா என்று தெரியாது. அதனால் முள்ளை முன்னோக்கிச் சுற்றி, தேதி மாறும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து 6 மணிக்குக் கொண்டுவந்து, பிறகு தேதியை மாற்றுங்கள்.

நம் வெயிலிலும் வியர்வையிலும் பெரிய எதிரி தண்ணீர்தான். டயலில் 30 மீட்டர் என்று இருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. அது அசையாத நீரழுத்தத்தில் புதிய வாட்சுக்குச் செய்த சோதனையின் அளவு. கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், குளிக்கவோ நீந்தவோ ஆகாது. சாதாரண வாட்சின் பக்கவாட்டில் தண்ணீர் நுழையச் சாவி என்ற ஒரு வழிதான். குரோனோகிராஃபில் இரண்டு பட்டன்களும் சேர்ந்து மூன்று. ஈரத்தில் பட்டனை அழுத்தினால் ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீரை நாமே உள்ளே தள்ளுகிறோம். ரோலெக்ஸ் டேட்டோனா மாதிரி பட்டனைத் திருகி மூடும் வகையென்றால், தண்ணீருக்குப் போகும் முன் மூன்றையும் இறுக்கியிருக்க வேண்டும். சோப்பும் வெந்நீரும் ரப்பரைக் கெடுக்கும். பட்டன் கழுத்தில் வியர்வை உப்பு படிந்தால் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மாலையில் கழற்றியதும் லேசாக ஈரப்படுத்திய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே பனி மூடினால் அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள். செல்போனை அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். அரிசித் தூசி ஒரு பக்கம் சேரும், துரு மறுபக்கம் தன் வேலையை நிறுத்தாது.

ஒரு நாள் திடீரென்று வாட்ச் தினமும் சில நிமிடங்கள் முந்திப் போக ஆரம்பித்தால், முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பை மூடியின் காந்தம் எதுவானாலும் பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைத்துவிடும். காந்தம் எடுக்கும் கருவி கடையில் இருக்கும், சில நொடி வேலை. இது தெரியாமல் முழு சர்வீஸுக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பட்டன் இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டு விடுவது வாட்சைக் கொல்லும் வேலை. வேகமாக ஓடும் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், அழுத்தம் தாங்கும் நெம்புகோலுக்குக் கிரீஸ், கிளட்ச் சக்கரப் பற்களுக்கு எதுவுமே கூடாது என்று இடத்துக்கு இடம் மாறும். பரவிய எண்ணெய் தூசியைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர் குரோனோகிராஃப் பிரித்துச் சேர்த்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். மூன்று முள் வாட்சில் கைதேர்ந்தவர்கள்கூட, "இது நம்மால ஆகாது சார்" என்று நேர்மையாகச் சொல்வதுண்டு. அவரையே நம்பி, யாரிடம் போகலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு சாதாரண வாட்சைவிடக் கூடுதலாகவே வரும், வாங்கும்போதே அதையும் கணக்கில் வையுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கேஸைப் பாலிஷ் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தேய்ந்துபோன விளிம்பு திரும்பி வராது.

பழைய வாட்ச் வாங்குபவர்கள் கடையிலேயே இதைச் செய்யலாம். ஸ்டார்ட் அழுத்தி முள் குதிக்காமல் கிளம்புகிறதா பாருங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டு நிமிட முள்ளும் நகர்கிறதா, வாட்ச் நிற்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். நிறுத்தி, ரீசெட் செய்து, எல்லா முட்களும் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கின்றனவா பாருங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் பழகாத கை உள்ளே போயிருக்கிறது. அப்போது சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.