முதன்முறையாகக் கோயில்காட்டுக்குப் போகிறீர்களா? இப்படிப் போய்ப் பாருங்கள்

காடு பார்க்கப் போகலாம் என்றால் பலருக்கும் டாப்சிலிப்போ முதுமலையோதான் நினைவுக்கு வரும். அறை பிடிக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், விடுப்பு எடுக்க வேண்டும். ஆனால் சமவெளியிலேயே, வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவில், ஐயனாரையோ முனியையோ கருப்பனையோ சுற்றி அசல் நாட்டுக்காடு நிற்கிறது. அதுதான் கோயில்காடு. யாரும் நட்டு வளர்த்ததல்ல. சாமி காட்டில் குச்சிகூட ஒடிக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்ததால் மிஞ்சியது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஒரு மரத்துக்கும் பெயர் தெரியாது, பாம்பு இருக்குமோ என்று பயம், உள்ளே போய் என்ன பார்ப்பது என்றும் தெரியவில்லை. அப்படி இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

1. காட்டைத் தேர்ந்தெடுங்கள்

விசாகப்பட்டினம் தொடங்கி ராமநாதபுரம் வரையுள்ள கடலோரப் பகுதியிலும், கடல் தாண்டி இலங்கையின் வடக்கிலும் இருக்கிற இயற்கையான காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். அப்படியும் இந்த மரங்களில் பெரும்பாலானவை மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. இலைகளைச் சிறிதாக, தடிப்பாக, தோல் மாதிரி வைத்துக்கொண்டு ஈரத்தைக் காப்பாற்றுகின்றன. மரங்கள் வானளாவ வளர்வதும் இல்லை. முப்பது, நாற்பது அடியில் தலைகள் ஒன்றோடொன்று பின்னி, உள்ளே எப்போதும் நிழல்.

இந்தக் காட்டில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிச்சத்தைக் கோயில்களைச் சுற்றித்தான் தேட வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில்காடு புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஏற்ற இடம். பேருந்திலேயே போய்விடலாம். தென்மாவட்டக்காரர்கள் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்துக் காசம்பட்டி வீரகோயில் காட்டைப் பார்க்கலாம். ஏறக்குறைய 5 ஹெக்டேர். அதைத் தமிழக அரசு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிர்வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. 2022-இல் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அந்தத் தகுதியைத் தமிழ்நாட்டில் இரண்டாவதாகப் பெற்ற இடம் இதுதான்.

இரண்டும் தூரமா? சொந்த ஊரில் பெரியவர்களிடம் கேளுங்கள். ‘நம்ம பக்கம் வெட்டாம விட்ட சாமிக்காடு எது?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பதில் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம். ‘காப்புக்காடு’ என்று வனத்துறைப் பலகை இருந்தால், அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

2. நாளும் நேரமும்

தை, மாசி நல்ல மாதங்கள். மழை முடிந்து காடு கழுவிவிட்டதுபோல் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பழம் பார்க்க வேண்டுமென்றால் வைகாசிக்கு மேல் போங்கள், புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். திருவிழா நாளில் காட்டைப் பார்க்க முடியாது. திருவிழாவைத் தனியாக ஒருநாள் போய்ப் பாருங்கள், அது வேறொரு சுகம். காலை ஆறரைக்குள் அங்கே இருப்பது நல்லது.

3. கையில் என்ன

தண்ணீர், தொப்பி, சின்ன நோட்டு, பேனா. முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை. மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், எளிதாகக் கழற்ற முடிவதாக இருக்கட்டும். வாசனைத் திரவியம் வேண்டாம், கூட்டில் தேனீயோ கதண்டோ இருந்தால் வம்பு. செடி அடையாளம் காட்டும் செயலி போனில் இருந்தால் இருக்கட்டும். ஆனால் முதல் ஒரு மணி நேரம் அதைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் மரத்தைப் பார்க்க மாட்டீர்கள், திரையைத்தான் பார்ப்பீர்கள்.

4. வாசல் வழியாக நுழையுங்கள்

வேலிச் சந்தில் புகுந்து போகாதீர்கள். நேராகக் கோயிலுக்குப் போங்கள். பூசாரியோ, பக்கத்தில் ஆடு மேய்ப்பவரோ கண்ணில் பட்டால் பேசுங்கள். ‘ஐயா, காட்டைப் பார்க்க வந்திருக்கோம். எதுவரைக்கும் போகலாம், எங்க செருப்பைக் கழட்டணும்?’ இது போதும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சில இடங்களில் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் யாருமே போவதில்லை. அதை மூடநம்பிக்கை என்று வாதாடாதீர்கள். அந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் நீங்கள் பார்க்க ஒரு காடு மிஞ்சியிருக்கிறது.

மண்குதிரைகள் உடைந்து சரிந்து கிடந்தாலும் தொடாதீர்கள், ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அவை நேர்த்திக்கடன்.

பாம்பு பயத்துக்கு வருவோம். இருக்கும். அதன் வீட்டுக்குத்தான் நாம் போகிறோம். ஒற்றையடிப் பாதையிலேயே, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள். பொந்திலும் புற்றிலும் கை விடாதீர்கள். அப்படியும் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நடைமுறையில் உங்களைத் தொல்லைப்படுத்தப் போவது வேறு: சூரை முள், காரை முள், தொட்டால் எரியும் காஞ்சொறி, சுணையால் அரிக்கும் பூனைக்காலிக் காய். குன்றிமணி அழகாகக் கிடக்கும், விதை கடும் விஷம். குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. உட்காருங்கள்

பாதையோரமாக ஓர் இடம் பார்த்து, கால் மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். கஷ்டமான படி இதுதான், நண்பர்களோடு போனால் இன்னும் கஷ்டம். முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் குக்குறுவான் என்கிற பறவையின் சத்தம் காதில் விழும். மாம்பழச்சிட்டு என்கிற குருவி இலைக்குள்ளிருந்து விசிலடிக்கும். பனிக்காலமாக இருந்தால் தரையில் சருகு புரளும் சத்தத்தைக் கவனியுங்கள். எலி என்று விட்டுவிடாதீர்கள். அது ஆறுமணிக் குருவியாக இருக்கலாம். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற, உடம்பெல்லாம் நிறமான பறவை. சருகைப் புரட்டித்தான் புழுபூச்சி தேடும்.

6. நான்கு மரங்கள் போதும்

ஒரே நாளில் நாற்பது பெயர் படித்தால் ஒன்றும் நிற்காது. நான்கை நன்றாகப் பாருங்கள். இலை பறிக்கத் தேவையில்லை, உதிர்ந்து கிடப்பதை எடுத்துப் பார்த்தாலே போதும்.

குருந்து. முள்ளுள்ள சிறு மரம், எலுமிச்சைக்குச் சொந்தம். ஒரு இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள். இலை முழுக்க ஊசியால் குத்திய மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. கசக்கினால் நாரத்தை வாசனை கையிலேயே நிற்கும். காய் குட்டி எலுமிச்சை மாதிரியே இருக்கும்.

வீரை. இதை இலையைவிட அடிமரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது சுலபம். தண்டு உருண்டையாக இருக்காது. பல தண்டுகளைச் சேர்த்து முறுக்கியதுபோல் பள்ளமும் மேடுமாக இருக்கும். வயதான வீரையின் பள்ளத்துக்குள் கையே போகும் (விடாதீர்கள், தேளுக்குப் பிடித்த இடம் அது). சிவப்பாகப் பழுக்கும் சின்னப் பழம், பறவைகளுக்கு உயிர்.

காயா. சிலர் காசா என்பார்கள். தடித்த இலைகள் எதிரெதிராக இருக்கும். பூக்காத நாளில் சாதாரணமாக நிற்கும், கவனிக்கவே தோன்றாது. பூத்துவிட்டால் கிளைக் கட்டைகளை ஒட்டியே கொத்துக் கொத்தாக நீலம் அப்பிக்கொள்ளும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடினார்களே, அந்தப் பூ இதுதான். எந்த நீலம் என்று மரத்தடியில் நின்று பார்த்தால் புரியும்.

பாலை. வெட்பாலை வேறு, இது உலக்கைப்பாலை. கரிய பட்டை வெடித்து வெடித்துக் கிடக்கும். இலையின் நுனி கூர்மையாக இருக்காமல் உள்வாங்கியிருக்கும். உடைத்தால் பால் வரும். மஞ்சள் நிறப் பழம் நல்ல இனிப்பு, உதட்டில் பிசினாக ஒட்டும். வட இலங்கையின் வன்னிக்காட்டை அறிந்த ஈழத்தமிழர்களிடம் பாலைப்பழம், வீரைப்பழம் என்று சொல்லிப் பாருங்கள், உடனே கதை வரும். அங்கேயும் இதே மரங்கள்தான்.

இந்த நான்கும் எல்லாக் கோயில்காட்டிலும் சேர்ந்து இருக்கும் என்றில்லை. உள்நாட்டுப் பக்கம் போனால் தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை தரும் உசில், இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும் பராய், அழிஞ்சில் என்று வேறு சிலவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. இப்போது குனியுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் இது நிற்கட்டும்: காடு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு விடை மேலே இல்லை, தரையில் இருக்கிறது.

பெரிய மரத்தடியில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஓர் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். மேல் சருகை ஒரு குச்சியால் மெதுவாக நகர்த்துங்கள். மேலே உள்ளது முழு இலை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. இன்னும் கீழே தூளும் வெள்ளைப் பூஞ்சை இழையும். அதற்கும் கீழே, சித்திரை வெயிலில்கூட, விரலில் ஈரம் தட்டும். மரவட்டை சுருண்டு கிடக்கும். அந்த ஈரத்தில்தான் விரல் உயரத்தில் வீரைக் கன்றும் குருந்துக் கன்றும் நிற்கின்றன. பார்த்ததும் சருகை இருந்தபடியே மூடிவிடுங்கள்.

கன்றுகளை எண்ணிப் பாருங்கள். விரல் உயரம், முழங்கால் உயரம், ஆள் உயரம் என எல்லா அளவிலும் இருந்தால் அந்தக் காட்டுக்கு அடுத்த தலைமுறை இருக்கிறது. பெரிய மரங்கள் மட்டும் நின்று, கீழே தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தால், எவ்வளவு குளுகுளு நிழலாக இருந்தாலும் அது முடிந்துகொண்டிருக்கும் காடு. கடைசியாக ஓரத்துக்கு வந்து பாருங்கள். வெளியிலிருந்து வந்து காட்டுக்குள் பரவுகிற சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் விளிம்பில் நிற்பது பல இடங்களில் வழக்கம். அவை உள்ளே எவ்வளவு தூரம் வந்துவிட்டன என்று நடந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

8. கிளம்பும் முன்

விதை, கன்று, கல், உடைந்த பொம்மை எதையும் எடுத்து வராதீர்கள். பொங்கல் வைப்பதென்றால் கோயில் முன்திடலில் மட்டும், அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு. சருகில் நெருப்புப் பிடித்தால் அத்தனை கன்றும் போய்விடும். நோட்டில் தேதி, பார்த்த மரம், பூவா காயா பழமா, கன்று இருந்ததா என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் மறுபடி ஒருமுறை போய், அதே இரண்டடி இடத்தைப் பாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களோடு பழக்கம் ஏற்பட்டுவிட்டால் இன்னொன்றும் செய்யலாம். பல ஊர்களில் அக்கறையோடுதான் திருப்பணி செய்கிறார்கள். புதுமண்டபம் கட்டி, சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டு, சருகைக் கூட்டிக் கொளுத்தி, இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மரத்தை யாரும் வெட்டவில்லை, ஆனால் கன்று முளைக்க இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லாமல், ஒரு கன்றைக் காட்டிச் சொல்லுங்கள்: ‘ஐயா, சாமி முன்னாடி மட்டும் கூட்டினா போதுமே. பின்னாடி சருகு கிடக்கட்டும், வீரைக் கன்னு நிறைய வருது பாருங்க.’ கேட்கிறார்கள். காட்டைக் காத்தவர்களே அவர்கள்தானே.